ஈக்காலில் கட்டிய நூல்

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் செல்வ விநாயகர் நகர் நலச் சங்கத் தலைவர் நாச்சிமுத்துவின் வீட்டுத் தயிர்ச் சட்டியில் வந்து உட்கார்ந்த ஈ, பின்னங்காலில் கத்தரிப்பூ ஊதாவில் ஒரு நூலை இழுத்துக்கொண்டு வந்திருந்தது, அவருடைய மகள் கோகிலவாணி கரண்டியை ஓங்கி அதை விரட்டினாள், ஈ போனது, நூல் மட்டும் சட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது, அவளும் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தாள்: நூலைச் சுண்டுவிரலில் சுற்றி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல முறுக்கு. எந்த மில்லு நூலுன்னுதான் தெரியல" என்றாள்.

பிறகு மறுமுனையைத் தேடிப் போனாள். நூல் சமையலறை ஜன்னல் வழியாக வெளியேறி, மதில்சுவரைத் தாண்டி, பின்வீட்டு ரத்தினம் வாத்தியாரின் கக்கூஸுக்கு மேலே நிற்கும் காத்துக்குழாயின் வாய்க்குள் இறங்கியிருந்தது. வாத்தியார் வீட்டுச் சுவர் கத்தரிப்பூ ஊதா. அன்று மத்தியானத்துக்குள் நகர் முழுக்க நூல் ஓடிவிட்டது. எந்த வீட்டுக் கக்கூஸிலிருந்து ஈ கிளம்பியதோ அந்த வீட்டுச் சுவரின் நிறத்தில், எந்தச் சோற்றில் போய் உட்கார்ந்ததோ அந்தச் சோறு வரைக்கும், ரோஸும் மஞ்சளும் வான நீலமும் எங்கள் வீட்டுக் கிளிப்பச்சையுமாகச் சந்துக்குச் சந்து, சுவருக்குச் சுவர், தலைக்கு மேலே ஒரு தறி ஓடுவதுபோல. விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லா நூலும் தானாக உதிர்ந்து ஒன்றுமில்லாமல் போனது. விடிந்ததும் ஈக்கள் புதிதாக இழுக்கத் தொடங்கின.

ஈக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மனிதர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று கேட்டால் நிறையச் சொல்வேன்.

செல்வ விநாயகர் நகரில் வாஸ்துப்படி அமையாத வீடு கிடையாது. மனை பிரித்தபோதே நாச்சிமுத்து பெரியப்பா பெரிய வாஸ்துக்காரர் ஒருவரைக் காரில் கூட்டிவந்து, எல்லோருக்கும் ஒரே வரைபடம் போட்டுத் தந்துவிட்டார்: சமையலறை தென்கிழக்கில், அது அக்னி மூலை, கக்கூஸ் வடமேற்கில், அது வாயு மூலை. ஒரே ஒரு வீடு தனியாகக் காட்டில் நின்றால் இதில் குறையே இல்லை, அடுப்பும் கக்கூஸும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். ஆனால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் என் வீட்டு வடமேற்கு மூலை முடிகிற சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? மூலைவாட்டில் இருக்கிற வீட்டின் தென்கிழக்கு மூலைதானே? தன் அடுப்பிலிருந்து ஆகக் கூடிய தூரத்தில் கக்கூஸைத் தள்ளிவைத்த ஒவ்வொருவரும் அதைப் பக்கத்துவீட்டு அடுப்பின் தோள்மேல் கொண்டுபோய் வைத்தார்கள், நகர் முழுக்க, ஒருவர் பாக்கியில்லாமல், நல்ல நேரம் பார்த்து.

இதை நான் சொல்லாமல் இருந்தவளில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சேர்ந்த வருஷமே, ஈக்குக் கடிக்கப் பல் கிடையாது, உட்கார்ந்த பண்டத்தின்மேல் வாந்தி எடுத்து அதைக் கரைத்துத்தான் உறிஞ்சும், அதன் காலிலும் குடலிலும் அமீபாவும் குடல்புழு முட்டையும் ஊரெல்லாம் சவாரி போகும் என்று வீட்டில் விளக்கினேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சோறு திங்கற நேரத்துல பேசற பேச்சா இது?" என்றார். வேறு எந்த நேரத்தில் பேசுவது? அந்த நேரத்தில்தானே அது வந்து உட்காருகிறது?

நூல் வந்த முதல் வாரம் சண்டையில் போனது. "உங்கூட்டு ஊதா எங்கூட்டு ரசத்துல முங்கிக் கெடக்குது, வந்து எடுங்க" என்று ஒரு சுவர் கத்த, "உங்கூட்டு ரோஸு மட்டும் எங்க பாயசத்துல என்ன சாமி கும்புடவா வந்துச்சு?" என்று மறு சுவர் கத்தியது. ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு வெள்ளையடித்தார். காலையில் அவர் வீட்டு நூலும் வெள்ளையாகவே வந்து, பெயின்ட் செலவோடு ஊர்ச் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. வாஸ்துக்காரர் மறுபடி காரில் வந்து, எல்லா ஜன்னலுக்கும் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். ஈக்கள் எலுமிச்சம்பழத்தில் சற்று இளைப்பாறிவிட்டுப் போயின.

ஆனால் எந்த ஊராலும் நெடுநாள் கோபமாக இருக்க முடிவதில்லை. சோறு பொங்க வேண்டும், பால் வாங்க வேண்டும், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். மெல்ல மெல்ல நூலுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. தட்டில் நூல் கிடந்தால் நிறம் பார்த்து, "வாத்தியாரூட்டு ஊதா" என்று பேர் சொல்லி, நுனியைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, அதே சோற்றைத் தின்றார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் கேசரிக்குள் மஞ்சள் நூலைக் கண்டு விசாரித்தபோது, பெண்ணின் அப்பா மூன்றாவது வீட்டைக் காட்டினார். அவர்களும், "பரவாயில்லீங், எங்கூர்ல நூலு இல்லாமயே வருது" என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாள் மேற்கு வரிசை வான நீலம் எங்குமே தென்படவில்லை. தெருவே கவலைப்பட்டுக் கதவைத் தட்டியபோது, அந்த வீட்டில் தனியாக இருந்த தபால்காரரின் மனைவி, எழுந்து நடக்க முடியாத காய்ச்சலில் கிடந்தார், அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்கள், நூல் சண்டையிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த ரோஸ் வீட்டுக்காரர்கள். இந்த ஜனங்களை என்ன செய்வது? அடிக்கக் கை ஓங்கினால் அதற்குள் கட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். நாங்கள் கொசுவலை நெய்கிற ஊர்க்காரர்கள். தேசத்தின் பாதிக் கட்டில்கள் எங்கள் வலைக்குள் தூங்குகின்றன, எங்கள் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் வலைக்கண்ணின் அளவைச் சொல்லும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு காத்துக்குழாயின் வாயிலும் ஒரு சாண் வலை கிடையாது. நூலைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், குழாயை மட்டும் பார்க்கவில்லை. நான் போய் நாச்சிமுத்து பெரியப்பாவிடம் கேட்டேன். வலைக் கம்பெனி வைத்திருக்கிறவர் அவர்.

"வாயு மூலையைக் கட்டுனா வாயு எங்க போவும் கண்ணு?" என்றார்.

"எங்கேயும் போகாது பெரியப்பா. வலைக்குள்ள காத்து வரும், ஈ வராது. நீங்கதானே அப்படிச் சொல்லி விக்கறீங்க?"

"அது கொசு."

"இது ஈ."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று சிரித்துவிட்டு, உள்ளே பார்த்து, "கோகிலா, புள்ளைக்கு மோர் கொண்டா, வெயில்ல வந்திருக்குது" என்றார். மோரில் எங்கள் வீட்டுக் கிளிப்பச்சை மிதந்தது. என்ன வழக்குப் பேசுவது? நுனியைப் பிடித்து எடுத்துவிட்டு, மோரைத் தொடாமல் திரும்பினேன்.

ஆடிக் காற்று தொடங்கியபோது தர்ஷிகா படுத்தாள். கோகிலாக்காவின் மகள், நாச்சிமுத்து பெரியப்பாவின் ஒரே பேத்தி, பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத நாலு வயதுக்காரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள், சீதமும் ரத்தமுமாகப் போனது, கண் உள்ளே இறங்கியது. டாக்டர் அமீபா என்றார், மருந்து தந்தார், நீரையும் சோற்றையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தேறினாள், மறுபடி படுத்தாள். இரண்டாவது முறை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறிய பெரியப்பா, தன் வாழ்நாளில் முதல் தடவையாக வேட்டி அவிழ்வது தெரியாமல் நடந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பயந்துபோன மனிதனுக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. அவருக்குப் பாவாயக்கா அகப்பட்டார்.

நகரின் கடைசி மூலையில், ஓடைக்குப் போகிற வழியில், பெரியப்பாவுக்குச் சொந்தமான லைன்வீடு ஒன்று உண்டு. பூசினதோடு விட்ட சிமெண்ட் சுவர், மூன்று அறை. இரண்டில் அவருடைய வலைக் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள், ஒன்றில் பாவாயக்கா. காலையில் வாசலிலேயே அடுப்பு மூட்டி, இடியாப்பத்துக்கு அக்காள் முறையான எங்கள் சந்தகையைப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுத் தருவார். தினமும் தர்ஷிகாவை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு வந்து அங்கே ஊட்டியவரே பெரியப்பாதான். இப்போது அவர், "அவ கைச் சந்தகைதான் என்ர புள்ளையக் குடிச்சிருச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், பாவாயி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம். அறை போனால் அடுப்பும் போகும், அடுப்பு போனால் அவருக்கு இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை.

நான் முதல் நாளே ஓடிப் போய்ச் சொன்னேன். பாவாயக்கா சந்தகை பிழியும் உரலில் மாவு திணித்துக்கொண்டிருந்தார்.

"போனாப் போவட்டும்" என்றார்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? வந்து பேசுங்க."

"நீ இருக்கறப்ப நான் எதுக்கு அம்முணி பேசறது? உன்ர வாய்க்கே கூட்டம் கலஞ்சு போயிரும்." பிழிவதை நிறுத்தினார். "புள்ள எப்படி இருக்குது? கஞ்சி எறங்குதா?"

ஞாயிறு காலை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடியபோது, தீர்மானத்தைப் படிக்கும் முன்பே கோகிலாக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் தர்ஷிகாவின் பால் டம்ளர். அதில் ஒரு நூல். ஊதா இல்லை, ரோஸ் இல்லை, எந்த வீட்டு நிறமும் இல்லை. கண்ணாடிபோல, வெயிலில் சாய்த்தால் மட்டும் தெரிகிற நூல்.

"இந்த மாதிரி நூலு தெனமும் வந்துட்டிருந்திருக்கோணுங்கப்பா" என்றாள். "நெறமில்லாததால இத்தன நாள் கண்ணுக்குப் படல."

தீர்மானம் அப்படியே நின்றது; நூல் ஊர்க்காரர்களுக்கு நூலைக் கையில் கொடுத்தால் முனை தெரியாமல் உட்கார மாட்டார்கள். கோகிலாக்கா முன்னால் ஆள்காட்டி விரலில் நூலைத் தாங்கிக்கொண்டு நடக்க, பின்னால் பெரியப்பா, வாத்தியார், அப்பா, பிள்ளையைத் தூக்கிய பெண்கள், தலையில் முக்காடிட்ட கிழவர்கள், நான், பாவாயக்கா என்று நகரே திரண்டு, அந்தக் கண்ணாடி நூல் தாண்டிய மதிலையெல்லாம் சுற்றி, அது நுழைந்த சந்துகளிலெல்லாம் நுழைந்து, மற்ற நிறங்களின் கீழே குனிந்து குனிந்து, கல்யாண ஊர்வலம்போல ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். லைன்வீட்டு வாசலில் நூல் நிற்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, ஓடைக்கரையில் இறங்கி, சீமைக்கருவேல மரங்களின் மறைவில் போய், தரையில் முடிந்தது.

அது எந்த இடம் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார்கள்.

"பாத்துக்கங்க" என்றார் பெரியப்பா. குரலில் வெற்றி இல்லை, அழுகை இருந்தது. "இங்க வந்து போறது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். பாவாயக்கா என் கையை அழுத்தினார்.

"நாந்தானுங்க" என்றார். "நானும், அந்த ஒடிசாப் பசங்களும். விடியறதுக்குள்ள வந்துட்டுப் போயிருவோம். இன்னிக்கும் வந்தனுங்க."

இப்படி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டால் வாதாட வந்தவள் என்ன செய்வது? பெரியப்பா பாவாயக்காவிடம் திரும்பினார்.

"அப்ப உன்னாலதான்னு ஒத்துக்கறயா?"

"என்னாலயும்தானுங்க வந்திருக்கும். புள்ள வயித்தப் புடிச்சுட்டு அழுவறது எனக்கு வெசனமில்லையாங்க? எத்தன நாளு என்ர மடியில உக்காந்து தின்னுருக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலி பண்ணச் சொன்னாப் பண்ணிட்டுப் போறனுங்க. ஆனா எனக்குப் பொறகு அந்த ரூமுக்கு வர்றவிய எங்கீங்க போவாங்க? லைன்வீட்டுக் கக்கூஸுக்குச் சாவி யாருகிட்ட இருக்குது?"

பெரியப்பாவின் கை தானாக இடுப்புப் பெல்ட்டில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போனது. போன பிறகுதான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

"அங்க சரக்கு வெச்சிருக்குது" என்றார் மெதுவாக.

"என்ன சரக்குங்கப்பா?" என்றாள் கோகிலாக்கா.

"பேலு மூட்டை."

"என்ன பேலு?"

அவர் ஓடையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பதில் சொல்ல வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"கொசுவலைப் பேலு."

முதலில் சிரித்தது ரத்தினம் வாத்தியார். பிறகு அப்பா, அப்புறம் கிழவர்கள், பிள்ளையைத் தூக்கிய பெண்கள், சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த கோகிலாக்காவும். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள், டம்ளரை மார்பில் அணைத்துக்கொண்டு. பெரியப்பா மகளைப் பார்த்தார். கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, அவர் வயதுக்கும் தலைவர் பதவிக்கும் பழக்கமில்லாத விதத்தில் இரண்டு கையாலும் பாவாயக்காவிடம் நீட்டினார்.

பாவாயக்கா வாங்கவில்லை.

"சாவி வேண்டாமுங்க" என்றார். "எனக்குக் குடுத்தா நான் வெச்சுக்குவேன், அந்தப் பசங்க எங்கிட்ட வந்து நிக்கோணும், அவிய பாஷை எனக்குப் புரியாது. பூட்டை எடுத்துருங்க."

அன்று சங்கத்தில் தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை. எழுத ஆளில்லை, எல்லோரும் லைன்வீட்டில் பேல் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கூரை வரை அடுக்கியிருந்த வலை வெளியே வர வர, உள்ளே ஒரு நாளும் யாரும் உட்காராத பீங்கான் கோப்பை புதுப்பொண்ணுபோல வெள்ளையாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், குழாய் இழுத்தார்கள். ஒடிசாக்காரர்களில் ஒருவர் யாரும் கேட்காமலே ஏணியில் ஏறி, காத்துக்குழாயின் வாயில் வலைத் துண்டைப் போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியப்பா ஒருமுறை வாயைத் திறந்தார், வாயு மூலையைப் பற்றித்தான் இருக்கும், பிறகு மூடிக்கொண்டு, "ரெண்டு சுத்தாக் கட்டு தம்பி" என்றார்.

மறுநாள் பொழுது புலரும்போது லைன்வீட்டு முன்னால் தெருவே நின்றது. காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான், யாரும் சொல்லவில்லை: பெயின்ட் அடிக்காத சிமெண்ட் சுவருக்கு என்ன நிறத்தில் நூல் வரும் என்று பார்க்க வேண்டும். சாம்பல் என்றார் ஒருவர், வெள்ளி என்றார் இன்னொருவர், கிழவர்கள் இதற்காகவே கண்ணாடி போட்டு வந்திருந்தார்கள். கோகிலாக்காவின் இடுப்பில் தர்ஷிகா, போர்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிய. கக்கூஸ் கதவு திறந்தது. கையில் வாளியோடு பாவாயக்கா வெளியே வந்து, எதிரே நகர் முழுக்க நிற்பதைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

குழாய்க்கு மேலே ஈக்கள் வட்டமிட்டன. வலையில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தன. ஒரு நூலும் வரவில்லை.

"என்ன இது, பொண்ணுப் பாக்கவா வந்திருக்கீங்க?" என்று பாவாயக்கா சத்தம் போட்டார். "ஒரு மனுசி நிம்மதியாக் கக்கூஸ் போயிட்டு வரப்படாதா? போங்க, போய் அவிய அவிய கொழாயப் பாருங்க!" வாளியைத் தொம்மென்று வைத்துவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பினவர், கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்ற வேட்டியைக் கண்டுகொண்டார். "மொதலாளி, நீங்க போவாதீங்க. நான் கையக் கழுவிட்டு வர்ற வரைக்கும் அந்த அடுப்பப் பாத்துக்கங்க. மாவு வெந்துட்டிருக்குது."

நாச்சிமுத்து பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தீயைத் தள்ளினார்.

"அப்பிச்சி, மூடி போடுங்க" என்றாள் தர்ஷிகா தாத்தாவிடம்.

அவர் மூடியைத் தேடி எடுத்துப் போட்டார்.